போஸ்ட்டொக் தேடல்: பணம் எங்கே என்று முதலில் கேட்போம்

தென் லண்டன் நோர்பரியில் ரயில் ஏறினால் இருபது நிமிடமளவில் விக்டோரியா. அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் இரண்டாவது நிறுத்தம் சவுத் கென்சிங்டன். இறங்கி நடந்தால் இம்பீரியல் கல்லூரி. உலகின் முன்னணித் தொழினுட்பப் பல்கலைக்கழகங்களில் ஒன்று, லண்டன் ரோட்டின் தமிழ்க் கடைகளிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது. வழியில் கிளாபம் ஜங்ஷனில் மாறினால் கில்போர்ட்டில் சரே பல்கலைக்கழகம், டெடிங்டனில் தேசிய பௌதிக ஆய்வுகூடம். தெற்கே சட்டனில் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம். ஆராய்ச்சியாளர் ஒருவர் குடியிருக்க இதைவிட வசதியான இடம் தென் லண்டனில் அதிகம் இல்லை.

இந்தப் பகுதித் தமிழ்ப் பெற்றோருக்குக் கல்வி என்றால் உயிர். சட்டன், வொலிங்டன் பக்கத்துக் கிராமர் பள்ளிகளின் பதினொரு வயதுப் பரீட்சை எப்படி நடக்கும், எந்தப் பாடத்துக்கு எந்த டியூஷன், ஏ லெவலில் எத்தனை ஏ ஸ்டார் இருந்தால் மருத்துவம் என்றெல்லாம் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல்கலைக்கழக வாசல் வரை நம்மிடம் வரைபடம் இருக்கிறது. பிள்ளை பிஎச்டி முடித்த மறுநாள் என்ன செய்வது என்பதற்கு இல்லை. சென்னையிலோ பேராதனையிலோ பிஎச்டி முடித்து, மணமாகியோ அகதியாகவோ இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் அதே நிலைதான். கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "இணையத்தில் பார்த்து அப்ளை பண்ணுங்கோ."

அந்தப் பதில் பிழையல்ல, ஆனால் மிகக் குறைவானது. பிஎச்டிக்குப் பின்னான ஆராய்ச்சிப் பதவியான போஸ்ட்டொக் என்பது காலியான நாற்காலிக்கு ஆள் எடுக்கும் வேலை அல்ல. எங்கோ ஓரிடத்தில் ஒரு தொகைப் பணம் குறிப்பிட்ட ஆராய்ச்சிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணத்தின் நிழலாக ஒரு பதவி பிறக்கிறது. ஆகவே தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது இது யாருடைய பணம் என்பதுதான். பேராசிரியர் வென்றெடுத்த மானியமா? விண்ணப்பதாரர் தன் பெயரில் வெல்லக்கூடிய பெலோஷிப்பா? தாய்நாட்டு அரசு தரும் பணமா? விண்ணப்பிக்கும் முறை, வீசா, அடுத்த வேலை எல்லாமே இதற்கான விடையைப் பொறுத்து மாறுகின்றன.

பெரும்பாலான பதவிகள் முதல் வகையைச் சேர்ந்தவை. பிரித்தானியாவில் அரசின் ஆராய்ச்சி மானியங்களின் பெரும்பகுதி 2018இல் உருவான யூகேஆர்ஐ என்ற அமைப்பின் கீழுள்ள கவுன்சில்கள் வழியாக வருகிறது. பொறியியலுக்கும் பௌதிக அறிவியல்களுக்கும் உரியது ஈபிஎஸ்ஆர்சி. பேராசிரியர் ஒருவருக்கு மூன்று ஆண்டு மானியம் கிடைத்தால், அதில் ஒன்றோ இரண்டோ போஸ்ட்டொக் சம்பளம் அடங்கியிருக்கும். மானியம் கிடைத்த சில மாதங்களில் விளம்பரம் வரும். இங்கேதான் நம்மவர்களில் மிகச் சிலரே அறிந்த ஒரு வாய்ப்பு இருக்கிறது. யூகேஆர்ஐ தன் மானியங்களை 'கேட்வே டு ரிசேர்ச்' என்ற தளத்தில் வெளிப்படையாக வைத்திருக்கிறது. ஆய்வின் தலைப்பு, தலைமை ஆய்வாளர், தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்களுக்குக் 'கோர்டிஸ்' இருக்கிறது. உங்கள் துறைச் சொல்லை இட்டுத் தேடி, அடுத்த சில மாதங்களில் தொடங்கவிருக்கும் ஆய்வுகளை மட்டும் பிரித்தெடுத்தால், இன்னும் விளம்பரம் ஆகாத பதவிகளின் பட்டியல் கையில் இருக்கும். விளம்பரம் வந்தபின் நூறு பேரில் ஒருவராக எழுதுவதற்கும், வருமுன்னே அந்த ஆய்வை வாசித்துவிட்டு எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

விளம்பரங்களுக்கென இருப்பது ஜொப்ஸ் டொட் ஏசி டொட் யூகே. வார்விக் பல்கலைக்கழகம் நடத்தும் இந்தத் தளத்தில் நாட்டின் பல்கலைக்கழகப் பதவிகள் பெரும்பாலும் வந்துவிடும். ஐரோப்பா முழுமைக்கும் யூராக்சஸ், நெதர்லாந்துக்கு அகாடெமிக் டிரான்ஸ்பர். டெல்ஃப்ட், மியூனிக், ஸ்டொக்ஹோமின் கேடிஎச் போன்ற தொழினுட்பப் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பக்கங்களிலும் அறிவிக்கின்றன. தளங்களை இதற்கு மேல் அடுக்கிப் பயனில்லை. விண்ணப்பம் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதை அறிவதே முக்கியம்.

பிரித்தானியப் பல்கலைக்கழக விளம்பரங்கள் பெரும்பாலானவற்றில் 'கட்டாயம் இருக்க வேண்டியவை', 'இருந்தால் நல்லவை' என இரண்டு பட்டியல்கள் உண்டு. தெரிவுக் குழு அந்தப் பட்டியலை வைத்தே விண்ணப்பங்களுக்குப் புள்ளியிடுகிறது. பட்டியலில் எட்டு அம்சங்கள் இருந்தால், விண்ணப்பக் கடிதம் எட்டுக்கும் சான்றோடு பதில் சொல்ல வேண்டும். 'எனக்கு நல்ல தொடர்பாடல் திறன் உண்டு' என்பது பதில் ஆகாது. எந்த மாநாட்டில் எதைப் பற்றிப் பேசினேன், எந்தப் பொறியைத் தனியாக இயக்கினேன், எந்த நிரலை எழுதி யார் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் பதில். ஒரே சிவியை நாற்பது இடங்களுக்கு அனுப்புபவர், அவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், இந்தப் புள்ளியிடலில் வீழ்ந்துவிடுவார். வீழ்ந்த காரணம் அவருக்குச் சொல்லப்படுவதும் இல்லை. நிறம், பெயர், நாடு என்று அவர் வேறு காரணங்களைத் தேடி மனம் நோகிறார். பாகுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டுக் கேள்விக்கு மூன்று பதில் எழுதிய கடிதத்தைப் பாகுபாடில்லாத குழுவும் ஒதுக்கத்தான் செய்யும்.

பேராசிரியருக்கு நேரடியாக எழுதும் கடிதத்திலும் நம் பள்ளிப் பழக்கம் குறுக்கே நிற்கிறது. நீண்ட மரியாதை வாசகம், பள்ளிக்கால மதிப்பெண், கலந்துகொண்ட கருத்தரங்குகளின் பட்டியல், கடைசி வரியில் வேலைக்கான கோரிக்கை. பேராசிரியர் அதுவரை வாசிக்க மாட்டார். 'டொக்டர் இன்னார்' அல்லது 'பேராசிரியர் இன்னார்' என்று பெயரிட்டு விளித்து, அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றில் எந்த இடத்தில் உங்கள் வேலை பொருந்தும், உங்கள் கையில் என்ன நுட்பம் இருக்கிறது, எப்போது தொடங்க முடியும், எந்த நிதிக்கு அவருடன் சேர்ந்து விண்ணப்பிக்க விரும்புகிறீர்கள் என்று அரைப் பக்கத்தில் முடியுங்கள். அந்தக் கடைசிச் செய்தி இருக்கும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஏனெனில் பணம் கேட்டு வருபவருக்கும் பணம் கொண்டுவர முயல்பவருக்கும் இடையே எந்தப் பேராசிரியரும் வேறுபாடு காண்பார்.

நற்சான்றுக் கடிதமும் அப்படியே. 'கடின உழைப்பாளி, நற்குணம் உடையவர்' என்று நம் நாட்டு வழிகாட்டிகள் அன்போடு எழுதும் கடிதம் இங்கே ஒன்றும் சொல்லாத கடிதமாகவே எடைபோடப்படும். நீங்கள் தீர்த்த பிரச்சினை எது, அதில் உங்கள் பங்கு எது என்ற குறிப்பை வழிகாட்டிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அது முறைகேடல்ல, இங்குள்ள மாணவர்கள் பலரும் செய்வது.

கடிதம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது இராமானுஜன். 1913 ஜனவரி 16ஆம் தேதி சென்னைத் துறைமுக அலுவலகக் குமாஸ்தாவாக இருந்த அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன் அங்குள்ள வேறு கணித அறிஞர்களான பேக்கருக்கும் ஹொப்சனுக்கும் எழுதிப் பயனில்லாமல் போனதும் பலருக்குத் தெரியும். ஆனால் கதையின் மறுபாதியைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கடிதத்தால் மட்டும் அவர் கப்பல் ஏறவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 தொடக்கத்தில் விரிவுரைக்காகச் சென்னை வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் அவரை நேரில் சந்தித்து, அவருக்காகப் பரிந்து பேசினார். பின்னர் அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் ஒதுக்கியது. அந்த மார்ச்சில்தான் அவர் புறப்பட்டார். செய்த வேலையின் சான்று, நேரில் அறிந்து பேசும் ஒருவர், பயணத்துக்கும் வாழ்வுக்கும் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதே அது நடந்தது. இன்றும் மூன்றில் ஒன்று குறைந்தால் நடப்பதில்லை.

இரண்டாவது வகை, உங்கள் பெயரில் வெல்லும் பெலோஷிப். இதில் பேராசிரியர் உங்களுக்கு இடம் தருபவர் மட்டுமே, ஆய்வு உங்களுடையது. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930இல் கேம்பிரிட்ஜ் வந்தார். 1933இல் பிஎச்டி, அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் பெலோஷிப். எவருடைய மானியத்துக்கும் கட்டுப்படாத அந்த ஆண்டுகளில்தான் 1935 ஜனவரியில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டனோடு நேருக்கு நேர் முரண்பட அவரால் முடிந்தது. பேராசிரியரின் பணத்தில் வாழும் இளம் ஆய்வாளருக்கு அந்தத் துணிவு எளிதில் வாய்க்காது. அந்தச் சுதந்திரத்துக்காகவே, கிடைப்பது கடினமானாலும், இரண்டாவது வகையை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

இம்பீரியல் நிற்கும் மண்ணுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1851ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சியில் கிடைத்த 186,000 பவுண் இலாபத்தைக் கொண்டு வாங்கிய நிலம்தான் சவுத் கென்சிங்டன். அந்தக் கண்காட்சி ஆணையம் இன்றும் இயங்குகிறது, ஆராய்ச்சி பெலோஷிப் வழங்குகிறது. நியூசிலாந்திலிருந்து ரதர்போர்டு 1895இல் கேம்பிரிட்ஜ் வந்ததும், 1930களில் ஹோமி பாபா அங்கே ஆய்வைத் தொடர்ந்ததும் இந்த நிதியின் உதவியால்தான். பொதுநலவாய நாட்டவருக்கும் கதவு திறந்திருக்கும் நிதி இது. இந்திய, இலங்கைத் தமிழர் பலர் இதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இந்தப் பெலோஷிப்புகளில் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதே கதவைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி பெலோஷிப்பைப் பாருங்கள். பிரித்தானியா 2024 ஜனவரி 1 முதல் ஹொரைசன் ஐரோப்பா திட்டத்தில் மீண்டும் இணைந்திருப்பதால், இங்குள்ள பல்கலைக்கழகங்கள் இதில் ஆய்வாளரை ஏற்கலாம். ஆனால் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் எந்த நாட்டில் வாழ்ந்தீர்களோ அல்லது வேலை செய்தீர்களோ, அந்த நாட்டுக்கு இந்த நிதியோடு போக முடியாது. எனவே நோர்பரியில் வளர்ந்து லண்டனில் பிஎச்டி முடித்த பிள்ளை இதைக் கொண்டு இம்பீரியலுக்குப் போக முடியாது. மியூனிக்குக்கோ டெல்ஃப்ட்டுக்கோ போகலாம். சென்னை ஐஐடியில் முடித்தவரோ மொறட்டுவைப் பட்டதாரியாகி சிங்கப்பூரில் பிஎச்டி செய்தவரோ இதே நிதியோடு லண்டன் வரலாம். ரோயல் சொசைட்டியின் நியூட்டன் சர்வதேச பெலோஷிப்பும் பிரித்தானியாவுக்கு வெளியே இருப்பவருக்கானது. வெளிநாட்டில் பிஎச்டி முடித்த ஒருவர், முதலில் லண்டன் வந்துவிடுவோம், பிறகு தேடுவோம் என்று எண்ணி ஒன்றிரண்டு ஆண்டு இங்கே கழித்தால், தனக்கு மிகப் பொருத்தமான இரண்டு கதவுகளையும் தானே மூடிவிடுகிறார். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தகும்.

போட்டி கடுமை. 2025ஆம் ஆண்டு மேரி கியூரி அழைப்புக்கு 17,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. செப்டெம்பரில் மூடும் இந்த அழைப்பின் முடிவு அடுத்த பெப்ரவரி அளவில்தான் தெரியும். இடம் தரும் பேராசிரியரோடு சேர்ந்து எழுத அதற்கு முன் சில மாதங்கள் வேண்டும். ஆக, வைவா என்ற பிஎச்டி வாய்மொழித் தேர்வுக்குக் குறைந்தது ஓராண்டு முன்னரே தொடங்காதவர் காலத்தால் தோற்கிறார்.

மூன்றாவது வகையான தாய்நாட்டு அரசின் பணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்தியாவில் அரசு நிதியில் பணியாற்றும் ரிசேர்ச் அசோசியேட் என்ற போஸ்ட்டொக் ஆய்வாளருக்கு 2023 திருத்தத்தின்படி மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை, வீட்டு வாடகைப்படி தனி. வெளிநாட்டில் இருக்கும் இந்திய ஆய்வாளர் திரும்பிச் செல்ல ராமானுஜன் பெலோஷிப் போன்றவை உண்டு. லண்டனில் போஸ்ட்டொக் கிடைக்காததைத் தோல்வியாக எண்ணி ஊருக்கு எழுதாமல் இருப்பவர்கள், சென்னை ஐஐடியும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் போஸ்ட்டொக் எடுக்கின்றன என்பதை நினைவில் வைத்திருக்கலாம்.

அடுத்து, சம்பளமும் வீசாவும். இம்பீரியலில் ரிசேர்ச் அசோசியேட் சம்பளம் 2025இல் ஆண்டுக்கு 49,000 பவுணை ஒட்டித் தொடங்கியது. பிஎச்டி பட்டம் கைக்கு வரும் வரை ரிசேர்ச் அசிஸ்டண்ட் என்ற கீழ்ப்படியில் வைப்பார்கள். ஸ்கில்ட் வேர்க்கர் வீசாவின் பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து 41,700 பவுண். போஸ்ட்டொக் பதவிகளுக்கு அது 33,400 வரை தளர்த்தப்பட்டிருக்கிறது. பொறியியல், பௌதிகம் போன்ற துறைகளில் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு ஏற்றாஸ் என்ற பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். 2021 மே முதல் ஆய்வாளர்களுக்கும் அது கட்டாயம். இலவசம்தான், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். யூகேஆர்ஐ அங்கீகரித்த நிதியில் கிடைக்கும் பதவி என்றால் குளோபல் டேலண்ட் வீசாவுக்கு முயல்வது நல்லது. அது ஒரே வேலைகொடுப்பவரோடு கட்டிவைக்காது, இப்போதைய விதிப்படி மூன்று ஆண்டில் நிரந்தர வதிவிடத்துக்கும் வழிவிடுகிறது. இங்கேயே பிஎச்டி முடித்தவருக்குக் கிராஜுவேட் வீசா மூன்று ஆண்டு. குடும்பத்தோடு வருபவர் சுகாதாரக் கட்டணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண், பிள்ளைக்கு 776. பெரியவர் இருவரும் இரு பிள்ளைகளும் மூன்று ஆண்டுக்கு வந்தால் 10,866 பவுண், அதுவும் முன்கூட்டியே. பல்கலைக்கழகம் எதைத் திருப்பித் தரும் என்பதை நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள், பின்னர் அல்ல.

இடையே ஓர் எச்சரிக்கை. எந்தப் பல்கலைக்கழகமும் பதவிக்கு விண்ணப்பக் கட்டணம் கேட்காது. வீசா ஸ்பொன்சர்ஷிப் விற்கப்படும் பொருள் அல்ல. போஸ்ட்டொக் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர்.

இந்தப் பதவியின் மறுபக்கத்தையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. ரோயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கை, அறிவியலில் பிஎச்டி முடித்தவர்களில் 3.5 சதவீதத்தினரே பல்கலைக்கழகங்களில் நிரந்தர ஆராய்ச்சிப் பணிக்கு வருகிறார்கள் என்றது, பேராசிரியராவோர் 0.45 சதவீதம். 2002ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி, தொடர்ந்து நான்கு ஆண்டு குறித்தகால ஒப்பந்தங்களில் வேலை செய்தவரை, தக்க காரணம் காட்டாவிட்டால், நிரந்தர ஊழியராகக் கருத வேண்டும். சட்டம் நல்லது. ஆனால் மானியம் முடிந்தால் ஆட்குறைப்பு என்ற பெயரில் அதே முடிவு வந்து சேர்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போஸ்ட்டொக் செய்தபின் ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பதவி கிடைக்காமல், தேசிய ஆய்வுகூடங்களில் பணியாற்றினார். 2009இல் நோபல் பரிசு, 2015இல் ரோயல் சொசைட்டியின் தலைமை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த ஐம்பது மறுப்புகளுக்குப் பிறகும் அவருக்கு ஆய்வுகூடம் இருந்தது, சம்பளம் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் ஆராய்ச்சிக்குப் பணம் உண்டு என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. டெடிங்டனும் சட்டனும் நமக்கு அதைத்தான் சொல்கின்றன.

இந்த விஷயத்தில் என் மனத்தை அதிகம் உறுத்துவது நம் பெண்கள். நல்ல பிஎச்டியோடு இங்கே வந்து, பிள்ளை வளர்ப்பிலும் வீட்டிலும் ஆறேழு ஆண்டு கழிந்தபின், இனி ஆய்வகம் எனக்கில்லை என்று கடையிலோ பள்ளி உதவியாளராகவோ வேலை செய்பவர்கள் குறொய்டன் பகுதியில் இருக்கிறார்கள். அந்த வேலைகள் இழிவல்ல. ஆனால் அவர்களுக்கென்றே ஒரு நிதி இருக்கிறது: கில்போர்ட்டில் சரே பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்ட டாஃப்னி ஜாக்சன் டிரஸ்ட். பிரித்தானியாவின் முதல் பெண் பௌதிகப் பேராசிரியரின் பெயரால் 1992இல் தொடங்கியது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆராய்ச்சியை விட்டு விலகியிருந்தவர் பகுதிநேரமாகத் திரும்ப, மீள்பயிற்சியோடு பெலோஷிப் தருகிறது. குடும்பம், உடல்நலம், பிறரைப் பராமரித்தல் ஆகியவற்றால் வந்த இடைவெளியைக் குறையாக அல்ல, தகுதியாகவே கேட்கும் நிதி இது. ஆண்களுக்கும் உண்டு. அகதியாக வந்த கல்வியாளருக்கு 1933இல் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜின் முயற்சியில் பிறந்த காரா அமைப்பு இன்றும் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இடம் தேடித் தருகிறது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்காகத் தொடங்கியது. இன்று பல நாட்டவருக்கு உதவுகிறது.

லண்டனில் நம் ஊர்ப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் நிறைய உண்டு. ஆண்டுக்கொரு இராப்போசனம், கிரிக்கெட் போட்டி, பள்ளிக்குப் பணம் என்று நல்ல காரியங்கள் செய்கின்றன. அவற்றில் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும், போஸ்ட்டொக் முடித்துத் தொழிற்துறைக்குப் போனவர்களும், தெரிவுக் குழுக்களில் இருந்து புள்ளியிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு மாலை, நோர்பரியிலோ தோர்ன்டன் ஹீத்திலோ ஒரு மண்டபத்தில், இளையவர்களின் விண்ணப்பக் கடிதங்களை வாசித்துத் திருத்திக் கொடுங்கள். நீங்கள் இருந்த தெரிவுக் குழு எதற்குப் புள்ளி கொடுத்தது, எதற்குக் குறைத்தது என்று சொல்லிக்கொடுங்கள். ஆய்வகத்தை விட்டு விலகிய அந்தப் பெண்களையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.